பின்னணியைத் துப்புரவாக்கு

முதலில் ஊசி.
ஸ்கானருக்குள் ஊசி போனால் கண்ணாடி கீறும்,
எண்பதாயிரம் என்று
சாருஜன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.
மூன்று நாளாக
நானும் றெஜினாவும் ஊசி பிடுங்குகிறோம்.
கடதாசியைத் தின்று
தானும் கடதாசியாகிப்போன துரு.
ஒரு நெஸ்டமோல்ட் பேணி நிரம்பிவிட்டது.
இதையும் இருப்பேட்டில் பதியவேணுமோ என்று
கணக்காளர் பகிடியாகக் கேட்டார்.
பின்னேரம் உண்மையாகவும் கேட்டார்.

சங்கானை, காணிக் கிளை.
இரும்பு அலுமாரி ஆறு.
ஆறாவதற்குத் திறப்பு இல்லை,
முதுகை வெட்டித்தான் திறந்தது.
தொண்ணூற்றைந்தில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி
கைதடி தாண்டிப் போய்
நனைந்து திரும்பிய கோவைகள் அதற்குள்.
பிரித்தால் அப்பளம் போலச் சத்தம்.

திரையில் கட்டங்கள்.
கோவை இலக்கம். விண்ணப்பகாரர்.
நிலை: முடிந்தது, அல்லது நிலுவை.
இரண்டில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது.
ஆள் செத்துப்போச்சு, வழக்கு இருக்கு என்பதற்கும்
வழக்கு செத்துப்போச்சு, ஆள் கனடாவிலை என்பதற்கும்
கட்டம் இல்லை.
நிலுவை, நிலுவை என்று
தட்டிக்கொண்டே போனேன்.

ஸ்கான் தொடங்கி நாலாம் நாள்
நானூற்றுப் பதினேழு.
கதிரிப்பிள்ளை எதிர் அன்னமுத்து.
பங்குக் கிணறு.
எட்டில் மூன்று பங்கு, துலா நிற்கும் இடம்,
வாய்க்கால் யாருடைய எல்லையால் போவது.
நாற்பத்தொரு கடிதம்,
எல்லாம் "மேற்படி விடயம் சம்பந்தமாக."
இருபத்தேழாவதின் ஓரத்தில்
பென்சிலால், சரிந்த எழுத்தில்
யாரோ ஓர் உத்தியோகத்தர்:

நேரில் போனேன். கிணறு உவர்.
வாயில் வைக்க ஏலாது.
இருவரும் அதை எனக்குச் சொல்லவில்லை.
தேத்தண்ணீர் தந்தார்கள், தனித்தனியாக.
இரண்டும் வேறு கிணற்றுத் தண்ணீர்.

கண்ணாடியில் வைத்தேன்.
கடிதம் வந்தது, வெள்ளை வெளேரென்று.
பென்சில் வரவில்லை.
திருப்பி வைத்தேன். வரவில்லை.
அமைப்புகளுக்குள் போய்த் துழாவினால்
ஒரு சின்னப் பெட்டியில் சரி போட்டுக் கிடக்கிறது:
பின்னணியைத் துப்புரவாக்கு.
மஞ்சள், மழைக் கறை, இராமபாணம் போன பாதை,
ஒரு மனுசன் நடந்துபோய்ப் பார்த்தது,
எல்லாம் அதற்கு ஊத்தை.

சரியை எடுத்துவிட்டேன்.
அன்றிலிருந்து பக்கங்கள்
வெறும் தேத்தண்ணீர் நிறத்தில் வருகின்றன.
சாருஜன் போன் எடுத்தான்.
"அக்கா, மூன்று மடங்கு இடம் பிடிக்குது.
ஊத்தையையும் சேர்த்தோ ஏத்துறீங்கள்?"
ஓம் என்றேன்.
ஏற்கெனவே ஏற்றிய அறுபத்தெட்டுக் கோவையையும்
திரும்ப எடுக்கவேணும் என்று
றெஜினாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

போன கிழமை அன்னமுத்துவின் மருமகள் வந்தா,
கையில் ஹெல்மெற்.
காணி விலைப்படுதாம்,
கோவையின் பிரதி வேணுமாம்.
"வாற கிழமை வாங்கோ" என்று வாயெடுக்கிறேன்,
அதற்குள் திரையில் வந்து நிற்கிறது.
இருபது வருசமாய்ச் சொன்ன வசனம்
பாதியில் நின்றுபோச்சு.

அச்செடுத்துக் கொடுத்தேன்.
நின்றபடி வாசித்தா.
இருபத்தேழாம் பக்கத்தில் இரண்டு தரம்.
"வாங்குற ஆக்கள் இதைப் பார்ப்பினமெல்லே.
இந்தப் பென்சில் எழுத்து இல்லாமல்
ஒரு பிரதி எடுக்க ஏலாதோ?"

ஏலாது என்றேன்.

ஏலும்.
ஒரு சரி போட்டால் போதும்.

"மூலத்துக்குச் சரியான பிரதி" முத்திரையை
அந்த ஓரத்தில்தான் குத்துவது வழக்கம்.
மையை ஒற்றி
கொஞ்சம் கீழே தள்ளிக் குத்தினேன்.